மாடிப்படிக் கைப்பிடி

பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டு மாடிப்படிக்கு இரும்புக் கைப்பிடி. கொடியும் இலையும் திராட்சைக் குலையுமாக வளைத்து அடித்த அந்தக் காலத்து வேலை. பொங்கலுக்கு வெள்ளையடிக்க ஆள் வரும்போதெல்லாம் மிச்சப் பெயிண்டை அதன்மேல் பூசச் சொல்வோம், துருவைச் சுரண்டாமலே. உள்ளே துரு தின்றுகொண்டிருந்தது. வெளியே வீடு பளபளவென்று இருந்தது.

சர்க்கரையால் என் கணவருக்குப் பார்வை போன பிறகுதான் அந்தச் சோம்பேறித்தனம் என்னைச் சுட்டது. மாடிக் காற்றில் ரேடியோ கேட்க, கைப்பிடியைத் தடவிக்கொண்டு அவர் தனியாக ஏறுவார். ஒருநாள் பெயிண்ட் உரிந்த இடத்தில் துரு கிழித்து உள்ளங்கையில் புண். ஆற ஒன்றரை மாதமாயிற்று. "இனி நான் இல்லாம ஏறப்பிடாது" என்று சொல்லிவிட்டேன். அவர் சண்டை போடவில்லை. மாடிக்குப் போவதையே விட்டுவிட்டார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அதைப் பிடுங்கிவிட்டு எவர்சில்வர் குழாய் போடத்தான் மேலப்பாளையத்திலிருந்து வெல்டரை வரவழைத்தேன். அவர் ஓரிடத்தில் சுரண்டிப் பார்த்தார். "அக்கா, இதைப் போயா கழட்டச் சொல்லுதிய? துருவை மட்டும் பைய எடுத்திரலாம்." கிரைண்டர் வைத்தால் இலை நரம்பெல்லாம் போய்விடுமாம். மண்ணெண்ணெய், கம்பி பிரஷ், உப்புத்தாள் என்று எட்டு நாள் உட்கார்ந்தார். திராட்சை ஒவ்வொன்றாக வெளியே வந்தது.

திரும்பத் துருப்பிடிக்காமலிருக்க அடித்த ரெட் ஆக்சைடு காய்ந்ததும் கணவர் ஏறிப் பார்த்தார். மேலே நெருங்கியதும் நின்றுவிட்டார். "படி எங்கன முடியுதுன்னு தெரியலையே."

கடைசிப் படிக்கு நேராகப் பெயிண்டும் துருவும் திரண்ட ஒரு கட்டி இருந்ததாம். அதுதான் அவருக்கு அடையாளம். அதையும் சேர்த்துச் சுத்தமாக எடுத்திருந்தோம். இத்தனை பாடும் வீண் என்று வெல்டர்மேல் எரிந்து விழுந்தேன்.

வெல்டர் கண்ணை மூடிக்கொண்டு, கைப்பிடியைப் பிடித்தபடி இரண்டு தடவை ஏறி இறங்கினார். பிறகு கடைசிப் படிக்கு நேரே, விரல் படும் அடிப்பக்கத்தில், மிளகளவு மூன்று பொட்டு வெல்டிங் வைத்து, உறுத்தாமல் தேய்த்துவிட்டார். "இங்கன தொட்டுப் பாருங்க அண்ணாச்சி." கணவர் தொட்டுப் பார்த்துச் சிரித்தார்.

பெயிண்ட் அடித்து முடித்த வாரம், ஒரு சாயங்காலம், "காபியை மேல கொண்டா" என்று மாடியிலிருந்து குரல் வந்தது. அவர் ஏறியதே எனக்குத் தெரியாது. அந்த வெல்டரை மனசாரக் கும்பிட்டேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு, வேண்டுமென்றே சத்தமாக, "இருங்க, எனக்கு ரெண்டு கைதான் இருக்கு" என்றேன்.