ஜன்னல் திறக்காத நாள்

குன்னூருக்குப் பக்கத்தில் ஒரு தேயிலை எஸ்டேட்டின் டிஸ்பென்சரியில் முப்பத்தாறு வருடம் கம்பவுண்டராக இருந்தேன். ஓய்வு பெற்ற பிறகும் அந்த வேலைக்கு மலையேறி வர ஆள் கிடைக்காததால் இன்னும் கொஞ்ச காலம் இருக்கச் சொன்னார்கள். கடைசியில் ஒரு பெண் வந்து சேர்ந்தாள். அலமாரிச் சாவிகளை அவளிடம் கொடுத்துவிட்டு, குவார்ட்டர்ஸைக் காலி செய்தபோது எனக்கு அறுபத்தைந்து வயது. கணவர் அதே எஸ்டேட் ஃபேக்டரியில் எலக்ட்ரீஷியன். அவர் இறந்துபோய்ப் பதின்மூன்று வருடம் ஆகியிருந்தது. பிள்ளைகள் இல்லை.

கோயம்புத்தூரில் இருக்கிற அண்ணன் மகன் வண்டி எடுத்துக்கொண்டு வந்து என்னைக் கூட்டிப்போனான். நல்ல பையன், அவன் மனைவியும் நல்லவள். இருவரும் வேலைக்குப் போகிறவர்கள். "நீங்க உக்காருங்க அத்தை" என்பதுதான் அந்த வீட்டில் நான் அதிகம் கேட்ட வாக்கியம். காய் நறுக்கப் போனால் உக்காருங்க. துணி மடிக்கப் போனால் உக்காருங்க. ஒருநாள் பகலில் நானே கீழே இறங்கிக் கீரை வாங்கப் போனேன். அடுக்குமாடியின் காவலாளி உடனே அவனுக்குப் போன் பண்ணிவிட்டார். அவன் ஆபீசிலிருந்து பதறிக்கொண்டு பேசினான். "ரோட்டுல வண்டியெல்லாம் எப்படிப் போகுதுன்னு தெரியுமா அத்தை? என்ன வேணும்னாலும் என்கிட்ட சொல்லுங்க."

நாற்பது நாள் உட்கார்ந்திருந்தேன். அதற்கு மேல் முடியவில்லை. வெயில் ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்லிவிட்டு மலைக்குத் திரும்பினேன். கூட வேலை பார்த்த ஒருத்தி வீட்டில் பெட்டியை வைத்துவிட்டு வாடகைக்கு வீடு தேட ஆரம்பித்தேன்.

குன்னூரில் முதலில் பார்த்த வீட்டின் சொந்தக்கார அம்மாளுக்கு ஏறக்குறைய என் வயதுதான் இருக்கும். வீட்டைச் சுற்றிக் காட்டினார். தண்ணீர் எத்தனை நாளைக்கு ஒரு முறை வரும் என்று சொன்னார். பிறகு கேட்டார்.

"எத்தனை பேருங்க?"

"நான் மட்டுந்தானுங்க."

என் தலைமுடியைப் பார்த்தார். "தப்பா நெனச்சுக்காதீங்க. தனியா இருக்கறீங்க. நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா யாரு பாக்கறது? அப்பறம் அந்த ஊட்டுக்கு வேற யாருங்க குடி வருவாங்க?"

"உங்களுக்கும் எனக்கும் ஒரே வயசுதானே இருக்கும்" என்றேன். சொல்லியிருக்க வேண்டாம்.

"எனக்குப் பசங்க இருக்கறாங்கல்ல" என்றார் அவர், கோபமில்லாமல்.

அதன் பிறகு பார்த்த வீடுகளிலும் அதே பேச்சுதான், சொற்கள்தான் கொஞ்சம் மாறும். வீட்டுத் தரகர் ஒருவர் என்மேல் இரக்கப்பட்டு யோசனை சொன்னார். "அம்மா, தலைக்கு டை அடிச்சிக்குங்க. அம்பத்தஞ்சுன்னு நான் சொல்லிக்கறேன்." எனக்கு வேறு வழி தெரியவில்லை. டை வாங்கி, கண்ணாடி முன் நின்று பூசினேன். வாழ்க்கையில் முதல் தடவை. நெற்றியிலும் காதோரத்திலும் கறுப்பு இறங்கி, எவ்வளவு தேய்த்தும் போகவில்லை. மஃப்ளரை இழுத்து மூடிக்கொண்டு வீடு பார்க்கப் போனேன். கதவைத் திறந்தவர் என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தார்.

"மருந்தம்மா தானுங்களே? சின்னதுல எங்கம்மா கூட உங்க டிஸ்பென்சரிக்கு வருவேனுங்க. அப்பவே நீங்க பெரியவங்க!"

தரகர் என் பக்கம் திரும்பவே இல்லை. பஸ்ஸில் திரும்பி வரும்போது எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்து முடித்ததும், இதைச் சொல்லிச் சேர்ந்து சிரிக்க ஒருவரும் இல்லை என்பது நினைவுக்கு வந்தது. அன்றைக்கு அழுததுபோல் கணவர் இறந்தபோதுகூட அழுததில்லை.

கோத்தகிரிக்குப் பக்கத்தில் அரவேணு என்ற ஊரில்தான் கடைசியில் வீடு அமைந்தது. ரோட்டிலிருந்து நாற்பத்தெட்டுப் படி ஏற வேண்டும். ஒரு அறை, சமையலறை, தேயிலைச் சரிவைப் பார்த்த ஒரு ஜன்னல், ரோட்டைப் பார்த்த ஒரு ஜன்னல். சொந்தக்காரருக்கு மேட்டுப்பாளையத்தில் வேலை. முப்பத்தைந்து வயது இருக்கும். படியைக் காட்டி, "உங்களால ஏற முடியுங்களா?" என்று கேட்டார். நான் முன்னால் ஏறினேன். மேலே போய் நின்று திரும்பிப் பார்த்தபோது அவர் பாதியில் இடுப்பில் கைவைத்து நின்றிருந்தார்.

வீட்டைத் தர ஒப்புக்கொண்டார், ஒரு நிபந்தனையோடு. கீழே ரோட்டோரத்தில் ஒரு டீக்கடை. புருஷனும் பெண்சாதியும் நடத்தினார்கள். தினமும் காலை எட்டு மணிக்குள் ரோட்டுப் பக்கத்து ஜன்னலை நான் திறக்க வேண்டும். டீக்கடைக்காரர் அண்ணாந்து பார்ப்பார். ஜன்னல் திறந்திருந்தால் சரி. திறக்காவிட்டால் சொந்தக்காரருக்குப் போன் பண்ணுவார்.

"உங்க நல்லதுக்குத்தானுங்க" என்றார். எனக்கு வீடு வேண்டியிருந்தது. தலையாட்டினேன்.

அப்படித்தான் அந்த வாழ்க்கை தொடங்கியது. விடிந்ததும் எழுந்து ஜன்னலைத் திறப்பேன். கீழே பாய்லர் பக்கத்திலிருந்து டீக்கடைக்காரர் நிமிர்ந்து பார்த்து, கையைத் தூக்கிவிட்டுத் தன் வேலையைப் பார்ப்பார். நானும் கையைத் தூக்குவேன். சில நாட்களில் ஒரு மனிதர் என்னைப் பார்ப்பது அந்த ஒரு தடவைதான். அதுவும் நான் செத்துவிட்டேனா என்று தெரிந்துகொள்வதற்காக. மழை மாதங்களில் நாலு நாள், ஐந்து நாள் பேச்சில்லாமல் போகும். பால் பாக்கெட் வாங்கும்போது குரல் கரகரத்து வரும், தொண்டையைச் செருமிக்கொண்டு பேச வேண்டியிருக்கும்.

டிஸ்பென்சரி நாட்களை அப்போது நிறைய நினைத்துப் பார்த்தேன். வேலையிலிருந்து நின்றுபோன வயதான பெண்கள் தொழிலாளர் லைன் வீடுகளிலிருந்து முழங்கால் வலி, தோள் வலி என்று வருவார்கள். "வயசாச்சில்ல, அப்படித்தான் இருக்கும்" என்று சொல்லித் தைலத்தைக் காகிதத்தில் வழித்துக் கொடுத்து அனுப்பிவிடுவேன். எங்கே வலி என்று தொட்டுக்கூடப் பார்த்ததில்லை. அவர்களும் அதை வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். பலர் தைலத்துக்காக வரவில்லை என்பது எனக்கு அரவேணுவில்தான் புரிந்தது.

இரண்டாவது வருடம், பனிக்காலம் முடிகிற சமயம். ஒருநாள் ஐந்தரைக்கே விழிப்பு வந்துவிட்டது. வானம் துடைத்ததுபோல் இருந்தது. காபி குடித்துக்கொண்டிருக்கும்போது, குன்னூரிலிருந்து ஊட்டிக்கு ரயிலில் போனால் என்ன என்று தோன்றியது. நாற்பது வருடத்துக்கு மேல் மலையில் இருக்கிறேன். அந்த ரயிலின் ஊதல் சத்தம் டிஸ்பென்சரி வரை கேட்கும். கல்யாணமான புதிதில் ஒரே ஒரு தடவை ஏறியிருக்கிறேன். அன்றைக்கும் உட்கார இடம் கிடைக்கவில்லை.

போக ஒரு காரணம் தேடினேன். மருந்து வாங்க வேண்டுமா? இல்லை. யாரையாவது பார்க்க வேண்டுமா? இல்லை. காரணம் இல்லாமலே ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு, கதவைப் பூட்டி இறங்கினேன். கதவில் இருப்பது உள்ளே பதித்த பூட்டு. வெளியே தொங்கும் பூட்டு இல்லாததால், ஆள் உள்ளே இருக்கிறாரா இல்லையா என்று பார்த்தால் தெரியாது. ஜன்னல் நினைவே இல்லை. சார்ஜ் போட்டிருந்த செல்போனும் கட்டில்மேல் கிடந்தது. முதல் பஸ் வந்தபோது டீக்கடை இன்னும் திறக்கவில்லை.

ரயிலில் ஜன்னலோரம் கிடைத்தது. எதிரே ஒரு புதுமணத் தம்பதி, வடக்கே எங்கிருந்தோ வந்தவர்கள். குகைக்குள் வண்டி நுழைந்ததும் எல்லாரும் ஓவென்று கத்தினார்கள். இரண்டாவது குகையில் நானும் கத்தினேன். இருட்டில் யார் கத்தினார்கள் என்று யாருக்குத் தெரியும். ஊட்டியில் இறங்கி ஏரிக்கரையில் வெயிலில் உட்கார்ந்து வேகவைத்த கடலை தின்றேன். குதிரைக்காரர் ஒருவர், "ஏறறீங்களா?" என்று கேட்டார். விளையாட்டுக்குத்தான் கேட்டார். ஆனாலும் கேட்டாரே என்று சந்தோஷமாக இருந்தது. வரும் வழியில் மொறுமொறுவென்ற ஊட்டி வர்க்கி ஒரு பை வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன்.

அரவேணுவில் இறங்கும்போது மணி நாலரை. டீக்கடையில் ஆளில்லை, பாய்லர் மட்டும் கொதித்துக்கொண்டிருந்தது. படியில் நாலைந்து ஜோடிச் செருப்புகள். மேலே போனால் என் வீட்டுக் கதவு ஒரு பக்கம் சரிந்து தொங்கியது. பூட்டு இருந்த இடத்தில் மரம் பிளந்திருந்தது. உள்ளே பக்கத்து வீட்டுக்காரர்கள், டீக்கடைக்காரர், அவர் மனைவி எல்லாரும் நின்றிருந்தார்கள். என் அலமாரி திறந்து கிடந்தது. என் டைரியைப் புரட்டி ஒருவர் அண்ணன் மகனின் நம்பரைக் கண்டுபிடித்துப் பேசியும் ஆகிவிட்டது.

வாசலில் நின்ற என்னை முதலில் பார்த்தது டீக்கடைக்காரரின் மனைவிதான். "ஐயோ, இதா வந்துட்டாங்க!" என்று கத்தி, அப்படியே தரையில் உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள்.

"எங்கம்மா போனீங்க?" டீக்கடைக்காரர் மற்றவர்களை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். "ஜன்னல் தொறக்கல, போன் உள்ள அடிக்குது, எடுக்கல. காலைலருந்து கதவத் தட்டறோம்! ஊட்டுக்காரருகிட்டயும் வேற சாவி இல்ல, ஒடைங்கன்னுட்டாரு!"

"ஊட்டிக்குப் போனேனுங்க."

"ஆஸ்பத்திரிக்குங்களா?"

"இல்லைங்க. சும்மா, ரயில்ல போலாம்னு."

"ரயில்லயா? யாரு கூட?"

"நான் மட்டுந்தான்."

பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர், "இந்த வயசுல தனியா ரயில்ல எதுக்குங்க?" என்று கேட்டார். உண்மையிலேயே தெரியாமல்தான் கேட்டார்.

எனக்கு அப்போது அவமானமாக இருந்தது, பிறகு கோபம் வந்தது. நான் செத்திருப்பேன் என்று எல்லாருக்கும் தோன்றியிருக்கிறது. ஊர் சுற்றப் போயிருப்பேன் என்று ஒருவருக்குமே தோன்றவில்லை. ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் டீக்கடைக்காரரின் உள்ளங்கை கண்ணில் பட்டது. கதவை உடைத்ததில் கிழிந்திருந்தது, துண்டைச் சுற்றியிருந்தார். துண்டு ரத்தத்தில் நனைந்திருந்தது. கோபத்தை அப்படியே விட்டுவிட்டு அவரை உட்காரவைத்தேன். வெந்நீர் வைத்து, புண்ணைக் கழுவி, மரச்சிம்பை எடுத்து, கட்டுப் போட்டேன். அவர் கையை நீட்டியபடி மெதுவாகச் சொன்னார்.

"உள்ள எப்படி இருப்பீங்களோன்னு பயந்துட்டே ஒடச்சேனுங்கம்மா. கட்டில் காலியா இருந்தப்ப வந்த நிம்மதி இருக்கே..."

வர்க்கியை எல்லாருக்கும் கொடுத்தேன். நின்றபடியே தின்றார்கள். அந்த வீட்டுக்கு வந்த பிறகு அத்தனை பேர் உள்ளே இருந்தது அன்றைக்குத்தான். அவர்கள் போன பிறகு அண்ணன் மகனோடு பேசினேன். திட்டினான், அழுதான், வந்துவிடுங்கள் என்றான். வரவில்லை என்றேன்.

மறுநாள் கோத்தகிரிக்குப் போய்ப் புதுப் பூட்டும் கொண்டியும் வாங்கிவந்து, கணவரின் ஸ்குரூ டிரைவரால் நானே பொருத்தினேன். கொஞ்சம் கோணல்தான், ஆனால் பூட்டும். ஞாயிற்றுக்கிழமை வீட்டுச் சொந்தக்காரர் வந்தார். உட்காரவில்லை.

"இந்த டென்ஷன் எனக்கு ஆகாதுங்கம்மா. வேற ஊடு பாத்துக்குங்க."

இரண்டு வருடம் முன்னால் என்றால் கெஞ்சியிருப்பேன். அன்றைக்கு ஏனோ கெஞ்ச வரவில்லை.

"தம்பி, நான் ஒருநாள் சாகத்தான் போறேன். இந்த ஊட்டுலயும் சாகலாம், பஸ்லயும் சாகலாம். அதுவரைக்கும் தெனமும் காலைல எந்திரிச்சு, நான் இன்னும் சாகலைன்னு ஜன்னல்ல வந்து காட்டிட்டு இருக்க முடியாதுங்க. டீக்கடைல ஒரு சாவி குடுத்துடறேன். சந்தேகம் வந்தா கதவ ஒடைக்காம தொறந்து பாக்கட்டும். அது போதாதுன்னா சொல்லுங்க, நான் வேற ஊடு பாக்கறேன்."

அவர் கோணலாக இருந்த பூட்டைத் தடவிப் பார்த்தார். "இத யாரு போட்டது?"

"நாந்தான்."

"திருகு ஒண்ணு லூசா இருக்குதுங்க" என்றார். ஸ்குரூ டிரைவரைக் கேட்டு வாங்கி அதை முடுக்கிவிட்டு இறங்கிப்போனார். காலி செய்யச் சொல்லி மறுபடி அவர் பேசவில்லை. ஆறு வருடமாக அங்கேயேதான் இருக்கிறேன்.

இப்போது ஜன்னலைத் தோன்றுகிற நேரத்தில் திறக்கிறேன். டீக்கடைக்காரரின் மனைவி அந்த வாரமே என்னிடம், "அக்கா, அடுத்த தடவ போறப்ப என்னையும் கூப்புடுங்க" என்றாள். ஒரு தடவை வந்தாள். நாள் முழுக்கக் கடையைப் பற்றியே கவலைப்பட்டாள். அப்புறம் வர வாய்க்கவில்லை. நானும் கூப்பிடுவதை நிறுத்திக்கொண்டேன்.

தனிமை போய்விட்டது என்று சொன்னால் அது பொய். மழையில் வீட்டோடு அடைந்து கிடக்கும் நாட்கள் இன்னும் அப்படியேதான் இருக்கின்றன. ஏரிக்கரையில் உட்கார்ந்திருக்கும்போதும், பக்கத்தில் ஒருவர் இருந்தால் கடலையைப் பாதி கொடுத்திருக்கலாமே என்று தோன்றத்தான் செய்கிறது. ஆனாலும் வானம் வெளுத்த நாளில் வீட்டில் உட்கார்ந்திருக்க மனம் வருவதில்லை.

போன மாதம் ஊட்டியிலிருந்து கூடலூர் பஸ்ஸில் ஏறினேன். அந்த வழியில் இருக்கிற நடுவட்டம் பக்கம் நான் போனதே இல்லை. கண்டக்டர் வந்து, "பாட்டி, யாரும் கூட வரலைங்களா? எங்க எறங்கணும்?" என்று கேட்டார்.

"தெரியலைங்க. நல்லா இருக்கற எடமாப் பாத்து எறங்கிக்கறேன்."

அவர் டிக்கெட் கட்டைப் புரட்டினார். வழியில் எங்கே இறங்கினாலும் செல்லும்படி, பஸ் போய் நிற்கும் கூடலூருக்கே டிக்கெட் கிழித்துக் கொடுத்தார்.