தெரிந்த குரல்

என் குரலை நம்பிக் கதவைத் திறந்தவர்கள் செத்தார்கள். கூப்பிட்டவன் நான். அதைத்தான் இத்தனை வருடமாக மறைத்துவந்தேன்.

துபாய்க்கு வெளியே, ஜெபல் அலி தொழிலாளர் கேம்பை விட்டு நடந்துகொண்டிருந்தேன். தார் உருகிச் செருப்பில் ஒட்டியது. பின்னால் லாரிச் சத்தம் கேட்டால் மணலில் இறங்கிக் குனிந்துகொண்டேன். யார் துரத்தினார்கள் என்கிறீர்களா? ஒருவரும் இல்லை... இன்னும் இல்லை.

எட்டாம் வகுப்போடு கீழக்கரையை விட்டு ஓடியவன் நான். கப்பல் மாறிக் கிழக்கு வங்காளம் சேர்ந்தேன், மூட்டை தூக்கினேன், போலீசில் ஏட்டு ஆனேன். என் வங்காளத்தில் தமிழ் ஒட்டிக்கொண்டிருக்கும். தெருப் பிள்ளைகள் அப்படியே பேசிக் காட்டிச் சிரிப்பார்கள்.

எழுபத்தொன்றில் இந்துக்களைத் தேடிப் பட்டாளம் வந்தது. அவர்களுக்கு எது இந்து வீடு என்று தெரியாது. "ஏட்டையா, உமக்குத்தான் ஊரே தெரியுமே" என்றார் அதிகாரி. முதுகில் துப்பாக்கி இருந்ததா? இல்லை! அந்தச் சொல் எனக்குப் பெருமையாக இருந்தது... இதை எப்படிச் சொல்வேன் உங்களிடம்!

தையற்காரன் ஹரிபதோவின் கதவு உள்ளே தாழிட்டிருந்தது. பட்டாளம் தட்டியபோது மூச்சுச் சத்தம்கூட இல்லை.

"நான்தான், ஹரிபதோ. திற."

"தாதா, நீங்களா?" என்று, அண்ணனைக் கூப்பிடுவதுபோல் கேட்டு, அவன் மனைவி உடனே தாழை நீக்கினாள். முகத்தில் அப்படியொரு நிம்மதி!

அவர்களை ஆற்றங்கரைக்கு நடத்திக்கொண்டு போனார்கள். சுடும் சத்தம் கேட்டபோது நான் அடுத்த வீட்டு வாசலில் நின்று இன்னொரு பெயரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

ஆட்சி மாறியதும் ஓடினேன். கல்கத்தா, பம்பாய், பிறகு கள்ளத்தோணி. தாடி வளர்ந்தது, உடம்பு இளைத்தது, பெயர் மாறியது. இனி யாருக்கு அடையாளம் தெரியும் என்று இருந்தேன்.

அன்று காலை கேம்பில் தண்ணீர்க் குழாயடியில் புதிதாக வந்த ஒரு வங்காளி முதுகு காட்டி நின்றான். வாளியை நகர்த்தச் சொன்னேன். வாய் தவறி அவன் மொழியிலேயே சொல்லிவிட்டேன்.

அவன் சட்டென்று திரும்பினான். சிரித்தான்!

"எங்க ஊர்ல கேட்ட குரல் மாதிரியே இருக்கு, தாதா! இன்னொரு தடவை பேசுங்க."

மாட்டேன் என்று தலையை ஆட்டினேன். வாளியை அங்கேயே விட்டேன். இப்போது மகிழ்கிறான்... படுத்தபின் யார் குரலென்று நினைவு வருமே! அதற்குள் போய்விட வேண்டும். பொய்ப் பெயரில் வாங்கிய பாஸ்போர்ட் முதலாளியிடம் இருந்தது. இருக்கட்டும்.

மறுநாள் காலை துபாயில் ஒரு கப்பல் பட்டறை வாசலில் நின்றேன். மணலைப் பீய்ச்சி அடித்துக் கப்பலின் துரு எடுக்கும் வேலைக்கு ஆள் தேடினார்கள். திருநெல்வேலிக்காரர் ஒருவர் போர்மேன்.

"எவனும் நிக்க மாட்டாம்ல. மணலு நெஞ்சுல அடைச்சிரும். முகமூடியக் கழட்ட முடியாது. பக்கத்துல நின்னு கத்துனாலும் ஒருத்தனுக்கும் கேக்காது. என்னல, வாயத் தொறக்க மாட்டேங்க? ஊமையா? எப்போ சேருத?"

"இப்பவே" என்றேன்.

அந்த ஒரு சொல்லுக்கே, வாசலில் நின்ற ஆட்களில் யாராவது திரும்பினார்களா என்று பார்த்துக்கொண்டேன்.