பெலிண்டா போட்ட பூட்டு

அற்புதசாமி பொன்மலை ரயில்வே பணிமனையின் டூல் ரூமில் முப்பத்தொரு வருடம் இருந்தார். ஸ்பானரோ மைக்ரோமீட்டரோ டிரில் பிட்டோ, அவர் கையிலிருந்துதான் வெளியே போகும். அவர் கைக்குத்தான் திரும்பி வரும். அத்தனை வருடத்தில் ஒரு சாமான்கூடத் தொலையவில்லை. ஓய்வு பெற்ற பிறகு வீட்டுக் கத்தரிக்கோலுக்கும் ஓர் ஆணி அடித்து வைத்தார். கத்தரிக்கோல் அந்த ஆணியில் இல்லாவிட்டால் அன்று அவருக்குச் சோறு இறங்காது.

குவார்ட்டர்ஸைக் காலி செய்தபோது மனைவி செல்வமேரி காவிரிக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும் என்றாள். ஸ்ரீரங்கம் மூலத்தோப்பில் இரண்டாவது மாடியில் ஒரு ஃப்ளாட் கிடைத்தது. குடிவந்த இரண்டாம் வருடம் அவளுக்குப் புற்றுநோய். ஒரே மகள் பெலிண்டா சென்னையில் பார்த்த வேலையை விட்டுவிட்டு வந்து பதினான்கு மாதம் அம்மா பக்கத்தில் இருந்தாள். அம்மா போன பிறகு வேறு வேலை கிடைக்க எட்டு மாதம் ஆயிற்று. அந்த எட்டு மாதமும் அற்புதசாமி மகளின் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. தன் வீட்டுச் சாமான் ஒன்றைத் தானே உடைத்துவிட்டது போல நடந்துகொண்டார்.

செல்போன் செயலிகளில் எங்கே ஓட்டை இருக்கிறது என்று தேடிச் சொல்வது பெலிண்டாவின் தொழில். மாதம் ஒருமுறை வந்து வீட்டையும் அப்படியே சோதிப்பாள். அலமாரி, ஃபிரிட்ஜ், மாத்திரை டப்பா, அப்பாவின் போன். அம்மாவின் ஆஸ்பத்திரி ஃபைலை மட்டும் தொடமாட்டாள். அது எங்கே இருக்கிறது என்று தெரியும். திறக்க முடியவில்லை.

சென்ற ஏப்ரலில் ஒரு சாயங்காலம் அவர் கேட்டார்.

"பெலிண்டா, போன்ல நான் எடுக்குற போட்டோ எல்லாம் உனக்கும் வந்துடுதாமே?"

"ஆமாப்பா. நான்தான் செட் பண்ணேன். போன் தொலைஞ்சாலும் போட்டோ பத்திரமா இருக்கும்."

"சிலதை யாரும் பாக்காம வைக்க முடியுமா?"

"யாருப்பா அவங்க?"

"போடி."

"இல்ல, அறுபத்தாறு வயசுல ரகசியம்னா கேக்க மாட்டாங்களா? எந்த ஊரு? உறையூரா, லால்குடியா?"

"செருப்பு பிஞ்சிடும். முடியுமா, முடியாதா?"

முடியும் என்றாள். சந்தோஷமாகத்தான் செய்தாள். பார்க்கக் கால்குலேட்டர் மாதிரியே இருக்கும் ஒரு செயலி. கூட்டினால் கூட்டும், கழித்தால் கழிக்கும். நான்கு இலக்க எண்ணைப் போட்டு சமக்குறியை அழுத்தினால் மட்டும் உள்ளே ஒரு பெட்டி திறக்கும். அதில் போட்ட படம் வேறு யாருக்கும் போகாது.

விதிமுறைகளையும் அவளே சொன்னாள். பிறந்த தேதி கூடாது. கல்யாண நாள் கூடாது. அப்படியே வேண்டுமென்றால் எண்ணைத் திருப்பிப் போடுங்கள். எங்கேயும் எழுதி வைக்காதீர்கள். யாரிடமும் சொல்லாதீர்கள், என்னிடமும்கூட. கைரேகையில் திறக்கும் வசதியை அணைத்தாள்; தூங்கும்போது யாராவது விரலை எடுத்து வைத்துவிடுவார்களாம். கடைசியாக, ஐந்து முறை தவறாகப் போட்டால் உள்ளே இருப்பதெல்லாம் அழிந்துபோகும்படி வைத்தாள்.

"அஞ்சு தடவைதானா?" என்றார்.

"போதும்ப்பா. உங்க நம்பர் உங்களுக்கு மறந்தா போயிடும்?"

அவர் எண்ணைப் போடும்போது அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தொழில் முறை அது.

நவம்பரில் ஒரு சனிக்கிழமை காலை ஆறேகாலுக்கு அற்புதசாமி குளியலறையில் விழுந்தார். முந்தின நாள்தான் பெலிண்டா வந்திருந்தாள். சத்தம் கேட்டு ஓடினாள். குழாய்க்குக் கீழே தலை. ரத்தம் தண்ணீரோடு போய்க்கொண்டே இருந்தது. எதிர்வீட்டு சுஜாவும் அவள் கணவரும் தூக்கிவிட்டார்கள். ஆம்புலன்ஸ் காவிரிப் பாலத்தைத் தாண்டி தில்லைநகர் பக்கம் ஓர் ஆஸ்பத்திரிக்குப் போனது. வழியில் ஒருமுறை கண்ணைத் திறந்தார். "ஏழு மணி ஆச்சா?" என்றார். அதற்குப் பிறகு பேசவில்லை.

ஏழே காலுக்கு டாக்டர் வெளியே வந்தார்.

"உள்ள ரத்தக் கசிவு இருக்கு. நிக்க மாட்டேங்குது. ரத்தம் உறையாம இருக்க ஏதோ மாத்திரை எடுக்குறாரு. எதுன்னு தெரியுமா?"

"அப்பா எந்த மாத்திரையும் சாப்பிடுறதில்ல சார். மாசாமாசம் நானே பாக்குறேன்."

"எடுக்குறாரும்மா. ஹார்ட்டுக்கு இருக்கலாம். ஒவ்வொண்ணுக்கும் மாத்து மருந்து வேற வேற. இப்ப பொதுவா ஒண்ணு குடுத்திருக்கோம். பேரு தெரிஞ்சா சரியானதைக் குடுப்பேன். பழைய சீட்டு எதுனா இருக்கா, பாருங்க. சீக்கிரம்."

அவளுக்கு உடனே புரிந்தது. போட்டோவை மறைத்து வைக்கக் கேட்ட அப்பா. மருந்துச் சீட்டு அந்தக் கால்குலேட்டருக்குள் இருக்கிறது.

சுஜாவுக்குப் போன் செய்து, வீட்டில் ஆஸ்பத்திரிக் காகிதம் எது இருந்தாலும் எடுத்துவரச் சொன்னாள். பிறகு அப்பாவின் போனைக் கையில் எடுத்தாள். போன் திறந்தது, அந்தப் பூட்டு அவளுக்குத் தெரியும். கால்குலேட்டரைத் தொட்டாள். ஐந்து வாய்ப்பு.

முதலில் அம்மா இறந்த நாள். தவறு.

போட்டிருக்க மாட்டார்தான். சொன்னதைச் சொன்னபடி செய்கிற மனிதர். அப்போது ஓர் அழைப்பு வந்து திரையை மறைத்தது. யாரென்று பார்க்காமல் தள்ளிவிட்டாள். மறுபடி வந்தது. மறுபடியும் தள்ளினாள். பிறகு சத்தத்தையே அணைத்து வைத்தாள்.

பணிமனையில் ஒவ்வொருவருக்கும் ஓர் எண் உண்டு. பித்தளை வில்லையில் அடித்துக் கொடுத்திருப்பார்கள். டோக்கன் என்பார்கள். அப்பாவுடையது 2306. போட்டாள். தவறு. அவளே சொல்லிக்கொடுத்தது நினைவு வந்தது, திருப்பிப் போடச் சொன்னது. 6032. தவறு.

இரண்டு மிச்சம். இனி யோசித்துத்தான் தொட வேண்டும். போனைக் கணினியில் இணைத்து உடைக்கலாமா? கணினி ஸ்ரீரங்கத்தில். உடைத்தாலும் இந்தப் பெட்டி உடையாது. உடையாது என்று சோதித்துப் பார்த்துத்தான் இதைத் தேர்ந்தெடுத்திருந்தாள். அந்த வாரம் அலுவலகத்தில் ஒருவரிடம் பெருமையாகச் சொல்லியும் இருந்தாள். நாற்காலியில் குனிந்து உட்கார்ந்து, "அப்பா, நம்பர்ப்பா, நம்பர்" என்று தனக்குள் சொல்லிக்கொண்டிருந்தாள். எதிரே இருந்த பெண்மணி அவள் ஜெபிக்கிறாள் என்று நினைத்துத் தன் ஜெபமாலையை நீட்டினாள்.

எட்டரைக்கு சுஜா வந்தாள். கையில் செல்வமேரியின் ஃபைல்.

"ஆஸ்பத்திரி ஃபைல்னு இது ஒண்ணுதான்க்கா இருந்துச்சு."

பெலிண்டா அதைத் திறந்தாள். அம்மாவின் ஸ்கேன்கள், அம்மாவின் பெயர், அம்மாவின் எடை ஒவ்வொரு மாதமும் குறைந்துகொண்டே வந்த கணக்கு. கண்ணை ஓடவிட்டுப் புரட்டினாள். கடைசியில் ஒரு பிளாஸ்டிக் உறை. மேலே அப்பாவின் கையெழுத்து: அற்புதசாமி, இதயம். உள்ளே காகிதம் இல்லை. உறையின் ஓட்டையில் சணல் நூலால் கட்டிய ஒரு பித்தளை டோக்கன். எண் 3174.

"கடவுளே" என்றாள். எழுதி வைக்காதீர்கள் என்றதற்கு, எழுதாமல் கட்டி வைத்திருக்கிறார். 3174 போட்டு சமக்குறியை அழுத்தினாள்.

தவறு.

ஒன்றுதான் மிச்சம். திருப்பிப் போடுங்கள் என்று சொன்னது அவள்தான். சொன்னபடி செய்கிறவர் அவர். 4713.

திரை ஒரு நொடி வெறுமையாகி மறுபடி வந்தது. பூஜ்யம். சாதாரணக் கால்குலேட்டர்.

அவள் அழவில்லை. போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், பின்பக்கம் ஏதோ இருப்பது போல.

சுஜா உறையைக் கையில் எடுத்தாள். "இது யாருதுக்கா, அங்கிளோடதா?"

"நம்பர். பாஸ்வேர்டுன்னு நினைச்சேன்."

"இல்ல, இது யாரோட டோக்கன்னு கேட்டேன்."

யாருது. அந்தச் சொல் பெலிண்டாவை நிமிர வைத்தது. ஒன்பது வயதில், ஆயுத பூஜையன்று, அப்பா அவளைப் பணிமனைக்கு அழைத்துப்போயிருந்தார். சுவர் முழுக்க ஆணிகள். ஒவ்வோர் ஆணியிலும் ஒரு கருவி. சில ஆணிகளில் கருவிக்குப் பதில் பித்தளை வில்லை தொங்கியது. "இதுல இருந்த சாமான் எங்கப்பா?" என்று கேட்டாள். "சாமான் எங்கன்னு தேடாத. டோக்கன் யாருதுன்னு பாரு. அவன்கிட்ட இருக்கும்" என்றார் அப்பா. எடுத்துப்போகிறவன் தன் டோக்கனை மாட்டிவிட்டுப் போக வேண்டும். திருப்பிக் கொடுத்தால் டோக்கனை வாங்கிக்கொள்ளலாம்.

போனில் எண்களின் பட்டியலைத் திறந்து 3174 என்று தேடினாள். பணிமனை ஆட்களை எல்லாம் அவர் டோக்கன் எண்ணோடுதான் பதிந்து வைத்திருந்தார். *3174 பரக்கத் அலி.* அதன் கீழே, அன்று காலை எடுக்கப்படாத அழைப்புகள் ஏழு. முதலாவது ஏழு இருபதுக்கு. உடனே அந்த எண்ணைக் கூப்பிட்டாள்.

"சாமி! எங்கய்யா போய்த் தொலைஞ்ச? வீட்டுல ஆபிதா டீ ஆறுதுன்னு என்னை ஏசிட்டிருக்கா, மாத்திரை போட வேணாமா?"

"மாமா, பெலிண்டா பேசுறேன். அந்த மாத்திரை பேரு என்ன?"

பரக்கத் அலிக்கு ஆங்கிலம் ஓடாது. அட்டையைப் பார்த்து ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னார். அவள் அதைச் சத்தமாகத் திரும்பச் சொல்லிக்கொண்டே உள்ளே ஓடினாள். டாக்டர் நர்சிடம் ஏதோ சொன்னார். நர்ஸ் ஓடினாள்.

பாலக்கரையிலிருந்து ஆட்டோ பிடித்து, மஞ்சள் பையோடு, செருப்பில்லாமல் வந்து நின்றார் பரக்கத் அலி. அப்பாவுக்கு இதயத் துடிப்பு தாறுமாறாகப் போகிறது என்று ஏப்ரலில்தான் தெரிந்ததாம். தினமும் காலை ஏழு மணிக்குப் பேப்பர் படிக்கப் போவதாகச் சொல்லி பஸ் ஏறியது, பரக்கத் அலி வீட்டில் டீயோடு மாத்திரை போட்டுக்கொள்ளத்தான்.

மறுநாள் மதியம் அற்புதசாமி இறந்தார்.

"முன்னாடியே சொல்லியிருந்தா சார்?" என்று பெலிண்டா கேட்டாள். "தெரிஞ்சவுடனே சொன்னீங்களேம்மா" என்றார் டாக்டர். அவள் கேட்டதற்குப் பதில் அது இல்லை. இன்னும் இரண்டு முறை கேட்டாள். அவர் வேறு நோயாளியைப் பார்க்கப் போய்விட்டார்.

முப்பதாம் நாள் பூசை முடிந்து உறவினர்கள் போன பிறகு பரக்கத் அலி மூலத்தோப்புக்கு வந்தார். மஞ்சள் பையை மேசையில் வைத்தார். காகிதங்கள், மிச்ச மாத்திரைகள்.

"சாமான் இந்தாம்மா. சரி பாத்துக்க. என் டோக்கனைக் குடு."

நூலை அவிழ்த்துக் கொடுத்தாள். எண்ணைப் பார்த்துவிட்டுச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"மாமா, அந்தக் கால்குலேட்டருக்கு என்ன நம்பர் வச்சிருந்தாரு?"

"கால்குலேட்டரா?" சிரிக்கத் தொடங்கியவர் நிறுத்திக்கொண்டார். "அது உங்கப்பனுக்கே தெரியாதும்மா. நீ ஊருக்குப் போன நாலாம் நாள் மறந்துபோச்சு. முதல் சீட்டை உள்ள போட்டுட்டாரு, வெளிய எடுக்க வழியில்ல. அஞ்சுல ஒண்ணு போயிடுமேன்னு ஒரு தடவைகூட போட்டுப் பாக்கல. அப்புறம்தான் எல்லாத்தையும் எங்கிட்ட தூக்கியாந்தாரு."

"எங்கிட்ட கேட்டிருக்கலாமே."

"நானும் அதான் சொன்னேன். கேட்டா உள்ள என்னன்னு கேப்பா, சொன்னா வேலையை விட்டுட்டு வந்து உக்காந்துடுவான்னாரு. 'எம் பொண்ணு போட்ட பூட்டுய்யா, எவனாலயும் திறக்க முடியாது'ன்னு ஒரே பெருமை வேற."

அவர் போன பிறகு பெலிண்டா அப்பாவின் போனை எடுத்தாள். அவள் தள்ளிவிட்ட முதல் அழைப்பு ஏழு இருபது. அவள் பரக்கத் அலியைக் கூப்பிட்டது எட்டு ஐம்பத்தெட்டு. கால்குலேட்டரைத் திறந்து, மணியை நிமிடமாக்கி, ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தாள்.

தொண்ணூற்றெட்டு.

அந்தக் கணக்கை மட்டும் அது சரியாகப் போட்டது.