ஓடாத சைக்கிளும் மூடியில்லாத பற்றறியும்

நீர்வேலியில் அருமைநாயகியைத் தெரியுமா என்று கேட்டால் கொஞ்சம் யோசிப்பார்கள். சைக்கிள்காரி என்றால் வாழைத்தோட்டத்துப் பக்கம் கையைக் காட்டிவிடுவார்கள். இத்தனைக்கும் அவளுடைய சைக்கிள் ஒரு முழம்கூட நகராது. பின்சில்லைத் தூக்கி மரக்குற்றிகளில் நிறுத்தி, சில்லிலிருந்து ஒரு பெல்ற் பழைய கார் டைனமோவுக்குப் போகும்படி பூட்டியிருந்தது. விடிந்ததும் ஏறி உட்கார்ந்து உழக்கத் தொடங்கினாளென்றால் லேசில் இறங்கமாட்டாள். நாற்பது தாண்டிய, கடற்கரைக் குருநகர்ப் பெண், புருசனின் சாரத்தை இழுத்துக் கட்டிக்கொண்டு போகாத ஊருக்கு வழி தேடுவதைப் பார்க்க முதலில் அயல் முழுக்கக் கூடியது. பிறகு அதற்கும் அலுத்துவிட்டது.

தொண்ணூறில் யாழ்ப்பாணக் கோட்டைப் பக்கம் சண்டை மூண்டபோது உடுத்த உடுப்போடு ஓடிவந்தவர்கள் அவளும் புருசன் சிமியோனும். பிள்ளை குட்டி இல்லை. சிமியோன் ஒருகாலத்தில் தனியாளாக வள்ளம் தள்ளியவன். மூச்சிழுப்பு வருத்தம் அவனைத் தின்று, கிணற்றடிக்குப் போய்வந்தாலே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிற ஆளாக்கியிருந்தது.

வாழைத்தோட்டக்காரரான கதிரவேலு அவர்களுக்குத் தன் தோட்டத்தில் நின்ற பழைய வான் வண்டியைத் திறந்துவிட்டார். சாமான் ஏற்றுகிற வான் இல்லை அது. உள்ளே கட்டில், அலுமாரி, கைகழுவும் தொட்டி, சுவரில் ஒரு குட்டி விசிறி எல்லாம் பூட்டிய வீட்டு வான். அதிலேயே ஊரூராகச் சுற்றிவந்த ஒரு ஜேர்மன்காரரும் மனைவியும் எண்பத்துமூன்று ஆடிக் கலவரத்தோடு அதைக் கதிரவேலுவிடம் ஒப்படைத்து, திரும்பி வருவோம் என்று சொல்லி விமானம் ஏறினவர்கள். இன்றைக்கு வருகிறார்கள், நாளைக்கு வருகிறார்கள் என்று பார்த்திருந்து ரயர்களும் உக்கிப்போயின.

கதிரவேலு வாக்குத் தவறாத மனிதர். கரண்ட் இருந்த காலம் முழுக்க மாதம் ஒருதரம் அந்த வானின் பற்றறிக்குச் சார்ஜ் ஏற்றி, முனைகளைத் துடைத்து வேசிலின் பூசி வைத்தார். அது நாங்கள் கண்ட பற்றறி மாதிரி இல்லை. தண்ணீர் விட மூடிகளே கிடையாது. சுற்றிவர அடைத்த பெட்டி. சண்டையோடு கரண்ட் நின்றபிறகு அந்தப் பொறுப்பு அருமைநாயகியின் தலையில் விழுந்தது.

"தங்கச்சி, உதைத் திறக்கப்படாது. முற்றாய் இறங்க விடப்படாது. சூடேறினால் உடனை நிப்பாட்டிப்போட வேணும். வெள்ளைக்காரன் சொல்லிப்போட்டுப் போனது இவ்வளவும்தான்" என்றார்.

"ஓம் அண்ணை" என்றாள்.

அவளுக்கு வெள்ளைக்காரனும் தேவையில்லை, அவனுடைய வானும் தேவையில்லை. அவளுக்கு அந்த விசிறி வேண்டும். பற்றறி படுத்தால் விசிறி நிற்கும், விசிறி நின்றால் சிமியோனின் மூச்சும் நின்றுவிடும். இதுதான் அவளுடைய கணக்கு. வெளியில் ஓலைக் கொட்டில் போட்டுப் படுக்கிறேன் என்று சிமியோன் தொடக்கத்தில் ஒருதரம் கேட்டுப் பார்த்தான்.

"ஹெலி வந்து சுட்டால் ஓலை தடுக்குமோ? பேசாமல் தகரத்துக்குக் கீழை கிடவுங்கோ" என்றாள். அதன்பிறகு அவன் அந்தப் பேச்சே எடுக்கவில்லை.

விசிறிக் காற்று வெளியே போய்விடும் என்று வானின் கதவு, யன்னல் எல்லாவற்றையும் இறுக்கி மூடுவாள். புத்திசாலித்தனத்துக்கு ஒரு அளவு வேண்டாமா? ஆனால் அவளிடம் யார் சொல்வது? உழக்கி முடித்து, வியர்வையில் குளித்து வந்து கதவைத் திறந்து ஒரே கேள்விதான் கேட்பாள்.

"காத்து வருதோ?"

"ஓம், வருது."

அந்த ஒரு சொல் அவளுக்கு அடுத்த நாள் வரைக்கும் போதும்.

தொண்ணூற்றிரண்டு வைகாசியில் பற்றறி தளர்ந்துவிட்டது. எவ்வளவு உழக்கினாலும் விசிறி நொண்டி நொண்டிச் சுற்றியது. அருமைநாயகிக்குச் சோறு இறங்கவில்லை. கோப்பாயில் அகதியாக இருந்த சிமியோனின் தம்பி யாகோப்புக்கு ஆள் அனுப்பினாள். அவன் முன்பு யாழ்ப்பாண ரவுணில் பற்றறி சார்ஜ் பண்ணுகிற கடை வைத்திருந்தவன்.

யாகோப்பு வந்து பற்றறியைப் பிரட்டிப் பிரட்டிப் பார்த்தான். "தண்ணி கேக்காத பற்றறியை நான் என்ரை சீவியத்திலை காணேல்லை, மச்சாள். உது உள்ளுக்கை காய்ஞ்சுபோய்க் கிடக்கு" என்றான். திறக்கக்கூடாதாமே என்று அவள் இழுத்தாள். "அப்ப அப்பிடியே கிடந்து சாகட்டும்" என்றான். சாகட்டும் என்ற சொல்லைக் கேட்டதும் அவள் வாயை மூடிக்கொண்டாள். யாகோப்பு ஆணியைப் பழுக்கக் காய்ச்சி, பற்றறியின் மேற்பக்கத்தில் வரிசையாகத் துளை போட்டான்.

"கிணத்துத் தண்ணி விட்டிடாதையுங்கோ. இஞ்சத்தைத் தண்ணி முழுக்கச் சுண்ணாம்பு. மழைத்தண்ணிதான் வேணும். நாளைக்கு எங்கையாலும் எடுத்துக்கொண்டு வாறன்."

வைகாசி வெயிலில் மழைத்தண்ணீருக்கு அவன் எங்கே போவான்? உள்ளே சிமியோனுக்கு இழுக்கத் தொடங்கியிருந்தது. அப்போதுதான் அவளுடைய கண் மாதா சுரூபத்தின் பக்கத்தில் இருந்த தீர்த்தப் போத்தலில் விழுந்தது. பாஸ்காவுக்குச் சுவாமியார் மந்திரித்துக் கொடுத்த தண்ணீர். கோயில் கூரையிலிருந்து மாரியில் பிடித்து வைத்த மழைத்தண்ணீரில்தான் மந்திரிப்பார்கள் என்பது அவளுக்குத் தெரியும். மழைத்தண்ணீருக்கு மழைத்தண்ணீரும் ஆயிற்று, ஆசீர்வாதத்துக்கு ஆசீர்வாதமும் ஆயிற்று. சிலுவை அடையாளம் போட்டு, துளை துளையாக ஊற்றி, மெழுகுதிரியை உருக்கி அடைத்தாள். பற்றறியைக் கட்டிலுக்குக் கீழே பழைய இடத்தில் வைத்துக் கதவை மூடிவிட்டு ஓடிப்போய்ச் சைக்கிளில் ஏறினாள்.

சும்மா சொல்லக்கூடாது, விசிறி எழும்பிச் சுற்றியது. யன்னல் கண்ணாடியூடாக அதைப் பார்த்த அருமைநாயகிக்கு வயிற்றில் பால் வார்த்ததுபோல் இருந்தது. மாதாவே, மாதாவே என்று ஒவ்வொரு உழக்குக்கும் சொன்னாள்.

சற்று நேரத்தில் உள்ளே சிமியோன் இருமினான். காற்றுப் போதவில்லையாக்கும் என்று அவள் இன்னும் ஊன்றி உழக்கினாள். அவன் விடாமல் இருமினான். அவள் சீற்றிலிருந்து எழும்பி நின்று உழக்கினாள். அவன் இரும இரும அவள் உழக்க, அவள் உழக்க உழக்க அவன் இருமினான். பிறகு கட்டிலிலிருந்து ஏதோ தொப்பென்று விழுந்த சத்தம் கேட்டது. இருமல் நின்றுவிட்டது.

கதவைத் திறந்தவளின் முகத்தில் அந்த மணம் அறைந்தது. அகதி முகாம் கிணறுகளுக்கு மருந்து போடும்போது வருகிற மணம், ஆனால் கண்ணைப் பிடுங்குகிற மாதிரி. சிமியோன் நிலத்தில் கிடந்தான். உதடு நீலம் பாய்ந்திருந்தது. தோளுக்குக் கீழே கையைக் கொடுத்து அவனை வாழைகளுக்கு நடுவே இழுத்துப் போட்டாள். தண்ணீர் கட்டிக்கொண்டு நின்ற கதிரவேலு கண்டுவிட்டு ஓடிவந்து, பற்றறி வயரை மண்வெட்டியால் கொத்தி அறுத்தார். சிமியோனின் நெஞ்சு ஒருதரம் ஏறி இறங்கியது. நின்றது. பிறகு திரும்ப ஏறியது.

"திறக்கப்படாதெண்டு சொன்னனான் பிள்ளை" என்றார் கதிரவேலு. அவ்வளவுதான் சொன்னார்.

மறுநாள் யாகோப்பு போத்தலோடு வந்து, வானுக்குள் தலையை நீட்டிவிட்டுப் பின்வாங்கினான்.

"ஆர் உதுக்குள்ளை உப்புத்தண்ணி விட்டது? வள்ளத்திலை பற்றறிக்குள்ளை கடல்தண்ணி பூந்தால் இந்த மணந்தான் வாறது. நஞ்சுப் புகை, மச்சாள்."

"நான் தீர்த்தமெல்லோ விட்டனான்."

"தீர்த்தத்துக்குள்ளை சுவாமியார் உப்பெல்லோ போடுறவர்."

அருமைநாயகி இருந்த இடத்திலேயே இருந்துவிட்டாள். வருசா வருசம் முன்வரிசையில் நின்று, அந்த உப்பு விழுகிறதைக் கண்ணால் கண்டவள் அவள். கண்டதெல்லாம் எங்கே போயிற்று? தன் கையால் நஞ்சு கலந்து, தன் காலால் உழக்கிப் புருசனுக்கு ஊட்டியிருக்கிறாள்.

சிமியோனை அதன்பிறகு வானுக்குள் விட அவளுக்கு மனம் வரவில்லை. வாழைக்கரையில் ஓலைச்சாய்ப்பு இறக்கி, பாய் போட்டுக் கொடுத்தாள். விசிறி இல்லாமல் அவன் இழுத்துச் சாகப்போகிறான் என்று காவல் இருந்தாள். அவனோ அந்தக் கிழமையே கிணற்றடிக்குத் தானாக நடந்து போனான். மூச்சு வாங்காமல் வாளியைக் கையில் தூக்கி வந்தான். அவள் வாயைப் பிளந்தாள்.

"இஞ்சேருங்கோ, விசிறி இல்லாமல் எப்பிடி?"

"விசிறியோ? அது சூட்டைத்தான் சுத்தினது" என்றான் சிமியோன். "வெளிக் காத்துப் பட்டால் இழுப்பு வராதெண்டு எனக்கு வந்த புதிசிலையே தெரியும்."

"பிறகேன் என்னட்டைச் சொல்லேல்லை?"

"விடிய எழும்பி உவ்வளவும் உழக்கிப்போட்டு வந்து காத்து வருதோ எண்டு கேப்பாய். உன்ரை முகத்தைப் பாத்துக்கொண்டு என்னெண்டு நாயகி இல்லையெண்டு சொல்லுறது?"

அருமைநாயகியை அன்றைய நஞ்சுப் புகைகூட இப்படி அடிக்கவில்லை. குனிந்து தன் கால்களைப் பார்த்தாள். அவை தோணி வலிக்கிறவனுடைய கைபோல முறுகிக் கிடந்தன. பிறகு கோபம் வந்தது. இந்த மனிசனோடு இனி ஒரு நிமிசம் இருக்கமாட்டேன், கோப்பாய்க்கே போகிறேன் என்று டைனமோ பெல்ற்றைப் பிடுங்கி எறிந்து, சைக்கிளை மரக்குற்றியிலிருந்து இறக்கி ஒழுங்கை வரைக்கும் உருட்டிக்கொண்டு போனாள்.

ஏறப் போன இடத்தில்தான் அவளுக்கு ஞாபகம் வந்தது. அவளுக்குச் சைக்கிள் ஓடத் தெரியாது.

பின்னால் சிமியோன் சிரிக்கிற சத்தம் கேட்டது. அந்தச் சிரிப்பில் இழுப்பு இல்லை. அவள் சைக்கிளைப் பிடித்தபடி நின்று, அன்றைக்குத்தான் அழுதாள்.