காய்ச்சல் என்று தட்டியவள்

அந்த வெப்சைட்டைத் திறக்கவே எனக்குப் பிடிக்காது. ஊர் ஊராகக் கிடந்த பழைய இறப்புப் பதிவேடுகளை ஸ்கேன் பண்ணி, பேர் போட்டுத் தேடினால் வருகிற மாதிரி ஏற்றி வைத்திருக்கிறார்கள். சேலத்தில் ஒரு கல்லூரியில் நான் வரலாறு சொல்லிக் கொடுக்கிறேன். "இதுதான் முதல்நிலை ஆதாரம், இதை நம்பலாம்" என்று பிள்ளைகளிடம் வாய் கூசாமல் சொல்கிறேன். அதை என்ன லட்சணத்தில் ஏற்றினோம் என்று எனக்குத்தானே தெரியும்.

டிகிரி முடித்த வருஷம் இரண்டு பஸ் மாறி ஆட்டையாம்பட்டிக்கு அந்த வேலைக்குத்தான் போனேன். கீழே முறுக்குச் சுடுகிற கடை, மேலே நாங்கள் எட்டுப் பெண்கள். எண்ணெய்ப் புகையில் தலைமுடியெல்லாம் பிசுக்கு. கம்ப்யூட்டரில் இடது பக்கம் பதிவேட்டின் படம் வரும், வலது பக்கம் கட்டங்கள். செத்தவர் பேர், அப்பன் அல்லது புருஷன் பேர், வயசு, தேதி, காரணம். படத்தைப் பார்த்துக் கட்டத்தை நிரப்பணும். ஒரு கட்டம் காலியாக இருந்தாலும் அடுத்த வரிக்கு விடாது. 'படிக்க முடியவில்லை' என்று ஒரு பொத்தான் இருந்தது. அதை அழுத்தினால் அந்த வரி அன்றைய வேலையில் சேராது. அப்புறம் எவள் அழுத்துவாள்?

"ஏம்மா, அம்பது அறுபது வருசத்துக்கு முன்னால செத்தவன் எந்திரிச்சு வந்து கேக்கப் போறானா? காய்ச்சல்னு போட்டுட்டுப் போம்மா" என்பார் சூப்பர்வைசர். 'கா' என்று தட்டினால் போதும், காய்ச்சல் தானாக வந்து உட்காரும். கையெழுத்து கோழி கிளறின மாதிரி இருந்தால் காய்ச்சல். மை ஊறிப் போயிருந்தால் காய்ச்சல். சோத்து நேரம் ஆகிவிட்டால், கண்ணாடி மாதிரித் தெளிவாக இருக்கிறதும் காய்ச்சல். கூலிக்கு மாரடிக்கிறது என்பார்களே, நாங்கள் அதைக்கூட ஒழுங்காக அடிக்கவில்லை.

போன வருஷம் ஒரு கருத்தரங்கில் வெளியூர்ப் பேராசிரியர் ஒருவர் இந்தத் தரவுகளை வைத்தே கட்டுரை படித்தார். இந்த வட்டாரத்தில் யாருமே கவனிக்காத ஒரு கொள்ளைக் காய்ச்சல் வந்துபோனதாம். திரையில் கோடு ஏற்காடு மலை மாதிரி ஏறி இறங்கியது. அந்த மலையே நாங்கள் எட்டுப் பேர்தான். எல்லோரும் கை தட்டினார்கள், நானும் தட்டினேன். சீ! அப்போதாவது எழுந்து நின்று சொல்லியிருக்கணும். மத்தியானச் சாப்பாட்டில் பாயசம் இரண்டு தரம் வாங்கிக் குடித்துவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

இப்படி இருக்கும்போதுதான், இந்த ஆடி அமாவாசைக்கு நாலு நாள் முன்னால் பெரியப்பா வந்தார்.

என் அப்பாவுக்கு மூத்தவர். தாத்தாவின் முதல் சம்சாரத்துப் பிள்ளை. போர் போடுகிற ரிக் வண்டியில் வடக்கே எல்லாம் ஓடி ஓய்ந்துபோய், கொண்டப்பநாயக்கன்பட்டியில் எங்கள் பக்கத்து வீட்டில் தனியாக இருக்கிறார். அவருக்கு நாலு வயசாக இருக்கும்போது தாத்தா நாமகிரிப்பேட்டைப் பக்கம் இருந்த காடு தோட்டத்தை விற்றுவிட்டு, அவரைத் தூக்கிக்கொண்டு இங்கே வந்து, இரண்டாம் கல்யாணம் பண்ணிக்கொண்டார். மூத்தவள் எங்கே என்று கேட்டவர்களிடம் "எவன்கூடயோ போயிட்டா" என்றாராம். அம்மா வழிச் சொந்தம் ஒருத்தரும் அதற்கப்புறம் படியேறவில்லை. பெரியப்பா ஆயுசுக்கும் 'ஓடுகாலி மவன்' ஆனார். பந்தியில் சொல்வார்கள், பொண்ணு பார்க்கப் போன இடத்தில் சொன்னார்கள். என் அப்பாவே கோபம் வந்தால் சொல்வார். அம்மா எங்காவது உயிரோடு இருந்துவிட்டால் என்ன செய்வது என்று பெரியப்பா அவளுக்கு ஒரு நாளும் திதி கொடுத்ததில்லை.

"அம்மிணி, பழைய சாவு விவரமெல்லாம் கம்ப்யூட்டர்ல வந்திருச்சாமா. என்ற அம்மா பேரப் போட்டுப் பாரு சாமி. ஓடுனாளா, செத்தாளா? அது தெரிஞ்சாப் போதும் எனக்கு."

ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. அந்த ஊர், அவள் பேர், புருஷன் என்ற இடத்தில் தாத்தா பேர், அவர்கள் ஊரை விட்டு வந்த அதே வருஷம். காரணம்: காய்ச்சல்.

மூன்று தரம் படிக்கச் சொன்னார். "ஓடலையா? செத்துத்தான் போனாளா?" பெற்றவளின் சாவை இத்தனை சந்தோஷமாகக் கேட்டவரை நான் பார்த்ததில்லை. துண்டை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். பிரிண்ட் போட்டு வாங்கி, லேமினேஷன் பண்ணி, தெருவில் ஒரு வீடு விடாமல் காட்டினார். என் அப்பா தலை நிமிராமல் அதைப் படித்தார். அமாவாசைக்குப் பவானி கூடுதுறையில் திதி என்று கார்கூடச் சொல்லியாகிவிட்டது.

அந்தப் பிரிண்டின் அடியில், டைப் அடித்த ஆளுக்கு அப்போது கொடுத்திருந்த நம்பர் இருந்தது. என் நம்பர்.

மறுநாள் கல்லூரியில் பெரிய திரையில் அந்தப் பக்கத்தின் படத்தைத் திறந்தேன். கோழிக் கிளறல் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. முத்து முத்தான கையெழுத்து. 'கிணற்றில் விழுந்து.' அதற்கு அடுத்த வரி, அதே தேதி, அப்பன் என்ற இடத்தில் அதே தாத்தா. பெண் குழந்தை, பத்து மாசம். பேர் எழுதவில்லை. காரணம், மேற்படி. என் கட்டத்தில் பேர்: குழந்தை, காரணம்: காய்ச்சல். பெரியப்பாவின் அம்மா பேரைப் போட்டுத் தேடினால் அந்த வரி எப்படி வரும்? 'குழந்தை' என்று போட்டுத் தேடினேன். உருட்ட உருட்டப் பக்கம் முடியவே இல்லை.

ஒரே வீட்டில் ஒரே நாளில் தாயும் கைப்பிள்ளையும் போயிருக்கிறார்கள். அதைத் தட்டும்போது என் கை ஒரு நொடிகூட நிற்கவில்லை. சொந்தத் தாத்தா பேரைத் தட்டியிருக்கிறேன், அதுவும் உறைக்கவில்லை. ஊருக்கு நாலு பேருக்கு இருக்கிற பேர்தான். இருந்தாலும் நான் மனுஷிதானா? திரையை அணைத்தேன். வீட்டுக்கு வந்தால் கூடத்தில் தாத்தா படம், மாலையும் சந்தனப் பொட்டுமாக. பெண்டாட்டியும் பிள்ளையும் கிணற்றில் கிடந்ததைப் பார்த்துவிட்டு வந்து, ஓடிப்போனாள் என்று சொன்ன வாய். தூ!

சொல்லாமல் விட்டுவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். அவருக்கு வேண்டியது கிடைத்துவிட்டது, அவள் ஓடவில்லை. காய்ச்சலாகவே இருந்துவிட்டுப் போகட்டுமே. ஆனால் அமாவாசைக்கு அவர் ஒரு பிண்டம்தான் வைப்பார். தங்கச்சி ஒருத்தி இருந்தது அவருக்கு ஞாபகத்திலும் இல்லை, யாரும் சொன்னதும் இல்லை. இப்போதும் வாயை மூடிக்கொண்டால் அந்தப் பிள்ளையை நான் இரண்டாம் தரம் அமுக்கினதாக ஆகும்.

அமாவாசைக்கு முந்தின நாள் சாயந்திரம் அந்தப் பக்கத்தைப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு போய் எல்லாவற்றையும் சொன்னேன். ரொம்ப நேரம் அந்த இரண்டு வரியையும் விரலால் தடவிக்கொண்டிருந்தார்.

"காய்ச்சல்னு போட்டது ஆரு?"

"நான்தானுங்க பெரீப்பா."

திட்டவில்லை. நாலு அறை விட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "என்னய மட்டும் உட்டுட்டு..." என்று ஆரம்பித்தவர், முடிக்காமல் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். காலையில் கார் வந்தபோது குளித்து வேட்டி கட்டி வாசலில் நின்றார். "நீயும் வா" என்றார்.

கூடுதுறையில் கால் வைக்க இடமில்லை. ஐயர் இலையைப் போட்டார். பெரியப்பா மாவைப் பிசைந்து இரண்டு உருண்டை பிடித்தார். அம்மா பேரைச் சொன்னார். ஐயர் மந்திரத்தில் சேர்த்துக்கொண்டு, "அடுத்தது?" என்றார்.

"தங்கச்சிங்க. பத்து மாசம்."

"பேரு?"

பெரியப்பா ஈர வேட்டியோடு என் பக்கம் திரும்பினார். "நீதான எழுதுன. நீயே ஒரு பேரு சொல்லு சாமி."

குத்திக் காட்டுகிற குரல் இல்லை. நிஜமாகவே கேட்டார். எத்தனையோ செத்தவர்களுக்கு வாய்க்கு வந்ததைத் தட்டியவள் நான், எனக்கு ஒரு பேர் வரவில்லை. பின்னால் ஆள் நிற்கிறார்கள், சீக்கிரம் என்றார் ஐயர். நான் என் பேரைச் சொன்னேன்.

ஐயர் அதைச் சொல்லி எள்ளும் தண்ணீரும் விட ஆரம்பித்துவிட்டார். பெரியப்பா உருண்டையை இலையில் வைக்காமல் கையிலேயே பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"உசுரோட இருக்கறவ பேரு சாமி அது."

"வைங்க பெரீப்பா" என்றேன்.