விட்டுப்போன மேடு

முதல் சனிக்கிழமை நான் தண்ணீர் எடுத்துக்கொண்டு போகவில்லை. வேளாங்கண்ணிக்கு நடந்து போகிறவர்கள் யாரும் தண்ணீர் சுமப்பதில்லை. பெரம்பூரிலிருந்து கூட்டமாகப் புறப்பட்டால் வழி நெடுகப் பந்தல் போட்டு மோர் வைத்திருப்பார்கள். வேண்டாம் என்றாலும் விடமாட்டார்கள். அந்தப் பழக்கத்தில், இந்த வெளிநாட்டிலும், மகன் என்னை ஊரையொட்டிய வளைகுடாத் தண்ணீர் ஓரத்தில் காரிலிருந்து இறக்கிவிட்டபோது ஜெபமாலையை மட்டும் முந்தானையில் முடிந்துகொண்டு நடக்க ஆரம்பித்துவிட்டேன். இரண்டு பக்கமும் உப்புப் பாத்தி, நடுவே கரைமேல் பாதை. வெயில் ஏறிய பிறகும் ஒரு வீட்டு வாசல் வரவில்லை. எதிரே வந்தவர்கள் எல்லாரும் கையில் பாட்டில் வைத்திருந்தார்கள். கேட்க எனக்கு வாய் வரவில்லை. இறங்க வேண்டிய நிறுத்தத்தைக் கண்டக்டரிடம் சொல்லக் கூச்சப்பட்டு, அடுத்த நிறுத்தத்தில் இறங்கித் திரும்பி நடந்தவள் நான்.

சாயங்காலம் அழைத்துப் போக வந்த மகன் என் உதட்டைப் பார்த்துவிட்டுக் கத்தினான். "ஏம்மா, ஒரு பாட்டில் கேட்டா நான் குடுத்திருக்க மாட்டேனா? இங்க யாரு உனக்கு வாசல்ல நின்னு தண்ணி ஊத்துவாங்க?"

சர்க்கரை வியாதிக்காகத்தான் அம்மா நடக்கிறாள் என்று அவன் நினைத்துக்கொண்டிருந்தான். டாக்டரும் நடக்கச் சொல்லியிருந்தார். நானும் அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

விஷயம் வேறு. மருமகளுக்கு மாதம் நிறையும் முன்பே வலி எடுத்துவிட்டது. பிறந்த பெண் குழந்தையைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தார்கள். என் உள்ளங்கை அளவுதான் முதுகு. மூக்கில் குழாய், காலில் குழாய். ஆஸ்பத்திரியில் எல்லாரும் ஆங்கிலத்தில் பேசிக்கொண்டிருக்க, நான் ஒரு மூலையில் நின்று, "தாயே, இந்தப் பிள்ளை மூச்சு விட்டு வீட்டுக்கு வரட்டும், நான் உன் கடற்கரைக்கு நடந்தே வருகிறேன்" என்று வேண்டிக்கொண்டேன். பிள்ளை வீட்டுக்கு வந்தது. நான்தான் போக முடியவில்லை. கிரீன் கார்டு பேப்பர் அரசாங்கத்திடம் இருக்கும்போது நாட்டை விட்டு வெளியே போகக் கூடாது என்றான் மகன். ஒரு வருஷமோ இரண்டு வருஷமோ, யாருக்கும் தெரியாது. அதற்குள் என் முட்டி என்ன ஆகும் என்பதும் தெரியாது.

மருமகளிடம் சொல்லலாம் என்றால் அவள் புராட்டஸ்டண்டு வீட்டுப் பெண். நல்ல பெண்தான். ஆனால் மாதா, வேண்டுதல் என்று எடுத்தால், "ஆண்டவர்கிட்ட நேராவே பேசலாம் அத்தை, நடுவுல எதுக்கு ஆளு?" என்பாள். தன் பிள்ளையின் பெயரில் இப்படி ஒரு நேர்ச்சை இருக்கிறது என்று தெரிந்தால் மனசு கோணிவிடும் என்று பயந்தேன்.

அந்தச் சமயத்தில்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை மகன் எங்களை மலைமேல் ரோட்டுக்குக் கூட்டிப்போனான். உச்சியில் நின்று பார்த்தால் கிழக்கே வளைகுடா, மேற்கே பனிமூட்டத்துக்கு அடியில் கடல். "இந்தக் கரையிலேர்ந்து அந்தக் கரை வரைக்கும் ட்ரெயில் இருக்கும்மா. நடந்தே போறாங்க" என்றான். கடல் என்ற சொல் காதில் விழுந்ததும் எனக்கு வேறு எதுவும் கேட்கவில்லை. வேளாங்கண்ணிக் கடல் வேறு, இது வேறு என்று எனக்குத் தெரியும். மாதாவிடம் நானே கேட்டு, நானே பதிலும் சொல்லிக்கொண்டேன்.

ஒவ்வொரு சனிக்கிழமையும் கொஞ்ச தூரம். மகன் ஒரு முனையில் இறக்கிவிட்டு ஆபீஸ் போவான், சாயங்காலம் ரோடு குறுக்கே வரும் இடத்தில் வந்து ஏற்றிக்கொள்வான். எங்கள் வேளாங்கண்ணி நடையில் ஒரு கண்டிப்பு உண்டு. எந்த இடத்தில் நின்றோமோ அதே இடத்திலிருந்துதான் மறுபடி கால் எடுத்து வைக்க வேண்டும். கால் கொப்பளித்துவிட்டது என்று யாராவது கொஞ்ச தூரம் வண்டியில் ஏறினால் அவர்களுடைய நடை போச்சு. நேர்ச்சையும் போச்சு. அதனால் நிறுத்தும் இடத்தில் எல்லாம் பாதையோரக் கம்பத்தைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு வருவேன். அடுத்த வாரம் அதே கம்பத்தைத் தொட்டுவிட்டுத்தான் புறப்படுவேன். "போஸ்டுக்கெல்லாம் வணக்கம் வைக்கிற ஒரே ஆள் நீதாம்மா" என்று மகன் கிண்டல் பண்ணுவான்.

உப்புப் பாத்தியைத் தாண்டி, வீடுகளைத் தாண்டி, கருவாலி மரக் காட்டில் ஏறி, உச்சிக்குப் போன பிறகு மரமே இல்லை. மேற்குச் சரிவு முழுக்கக் காய்ந்த புல். வெயிலில் வைக்கோல் நிறம், பனிமூட்டம் வந்தால் சாம்பல் நிறம். காற்று ஒரே பக்கமாக அடித்து, இருக்கிற ஒன்றிரண்டு புதரும் கடலுக்கு முதுகைக் காட்டிக் குனிந்திருக்கும். நடுநடுவே மாடு அடைக்கிற கம்பி வேலிக்கு ஒரு கேட். கொக்கியைத் தூக்கிப் போய், திரும்ப மாட்டிவிட வேண்டும். ஒரு கேட்டில் புலி மாதிரி ஒரு மிருகத்தின் படம். மகனிடம் கேட்டேன். "மௌன்ட்டன் லயன்மா. வந்தா ஓடாத. கைய ரெண்டையும் தூக்கிப் பெரிய ஆளு மாதிரி நின்னு சத்தம் போடு" என்றான். மனுஷர்களிடமே சத்தம் வராதவள் சிங்கத்திடம் எங்கே போட?

சைக்கிள்காரர்கள் பின்னாலிருந்து ஏதோ கூவுவார்கள். நான் புல்லில் இறங்கி நிற்பேன். எதிரே வருகிறவர்கள் புடவையையும் அதற்குக் கீழே ஷூவையும் பார்த்துவிட்டுச் சிரித்து "ஹாய்" என்பார்கள். நான் தரையைப் பார்ப்பேன். அவர்கள் தாண்டிப் போன பிறகு ஹாய் என்று மெதுவாகச் சொல்லிப் பார்ப்பேன்.

ஜெபமாலை சொல்லும்போதுதான் தனிமை அதிகம் தெரிந்தது. கூட்டமாக நடக்கும்போது பாதி மந்திரத்தை முன்னால் போகிறவர் சொல்வார், மீதிப் பாதியைப் பின்னால் வருகிற நாங்கள் எல்லாரும் சொல்வோம். எனக்கு என் பாதிதான் பழக்கம். இந்த மலையில் முன் பாதியையும் நானே சொல்ல வேண்டியிருந்தது. சொல்லி முடித்ததும், பழக்க தோஷத்தில், பின்னாலிருந்து குரல் வரும் என்று ஒரு நொடி நின்றுவிடுவேன். காற்றுதான் வரும். பிறகு மீதியையும் நானே சொல்வேன். வீட்டிலாவது குழந்தை அழும், டிவி ஓடும். இங்கே நான் வாயை மூடினால் உலகமே மூடிக்கொண்டது.

கடைசிச் சனிக்கிழமை மகனுக்கு ஆபீஸில் ஏதோ ரிலீஸ் என்று முந்தின நாளே போய்விட்டான். மருமகள், "நான் டிராப் பண்றேன் அத்தை. நீங்க நடந்து முடிக்கறதுக்குள்ள நானும் குட்டியும் பீச்சுல இருப்போம்" என்றாள். பின் சீட்டில் குழந்தை. எனக்குச் சந்தோஷம். யாருக்காக நடக்கிறேனோ அவளே கொண்டுவிட வருகிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

போன வாரம் நான் நின்ற கேட்டை வண்டி தாண்டியது. நிற்கவில்லை. ஒரு பெரிய மேட்டைச் சுற்றிக்கொண்டு போய் மறுபக்கத்துப் பார்க்கிங் லாட்டில் நிறுத்தினாள்.

"இங்கேர்ந்து போங்க அத்தை. இனிமே இறக்கம்தான். அந்த மேடு ரொம்ப ஸ்டீப்பாம். ராத்திரி நீங்க முட்டிக்குத் தைலம் தேய்ச்சத நான் பாத்தேன்."

இது அன்பு. அன்பை எப்படி வேண்டாம் என்று சொல்வது? "சரிம்மா" என்று இறங்கினேன். குழந்தையின் காலைத் தொட்டுக்கொண்டேன். வண்டி கண் மறையும் வரை நின்றேன்.

பிறகு கடலுக்கு முதுகைக் காட்டி, வந்த திசையில் மேடேறினேன்.

செங்குத்து என்று அவள் சொன்னது பொய்யில்லை. பத்தடிக்கு ஒருமுறை நின்று மூச்சு வாங்கினேன். உச்சியில் பனிமூட்டம் சூழ்ந்து நாலு முழத்துக்கு மேல் ஒன்றும் தெரியவில்லை. வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டே மறுபக்கம் இறங்கி, போன வாரத்துக் கம்பத்தை அடைந்து, தொட்டுக் கும்பிட்டுவிட்டு, அதே மேட்டை மறுபடி ஏறினேன். இப்போது எண்ணிப் பார்த்தால் பைத்தியக்காரத்தனமாகத் தோன்றலாம். அன்றைக்கு எனக்கு அந்த மேடு வெறும் மேடாகத் தெரியவில்லை. அதைத் தாண்டாமல் விட்டால் அந்தக் கண்ணாடிப் பெட்டிக் கணக்கு முடியாமல் நின்றுவிடும், எப்போதாவது பிள்ளைக்கு இருமல் வந்தால் என் மனசு அந்த மேட்டுக்குத்தான் ஓடும் என்று தெரிந்தது.

பார்க்கிங் லாட்டுக்கு மறுபடி வரும்போதே வெயில் சாயத் தொடங்கிவிட்டது. அங்கிருந்து இறக்கத்தில் முட்டி ஒவ்வொரு அடிக்கும் கத்தியது. கீழே கடலோர நெடுஞ்சாலைக்கு வந்தபோது, ரோட்டோரம் எங்கள் கார், அதன் பக்கத்தில் குழந்தையை மார்போடு கட்டிக்கொண்டு மருமகள். ரோட்டைத் தாண்டினால் மணல். அலைச் சத்தம் கேட்டது.

"எங்க போனீங்க அத்தை? இவ்ளோ நேரமா? பீச் லாட்ட க்ளோஸ் பண்ணி ரேஞ்சர் என்ன வெளிய போகச் சொல்லிட்டான். இன்னும் பத்து நிமிஷம் பாத்துட்டு நைன் ஒன் ஒன் போட்டு போலீஸக் கூப்பிட்டிருப்பேன். ஏறுங்க மொதல்ல!"

"தண்ணி வரைக்கும் போயிட்டு வந்துடறேம்மா."

"எதுக்கு? இங்கேர்ந்தே தெரியுதே கடல்! குட்டிக்குக் குளிருது."

நான் கார்க் கதவைத் தொடவில்லை. அவள் சொன்ன ஒன்றை நான் மறுத்தது அதுதான் முதல் முறை. அவளும் அதைக் கவனித்தாள்.

"காலைல நீ விட்ட எடத்துலேர்ந்து திரும்பிப் போயி, அந்த மேட்ட ஏறிட்டு வந்தேன். அதான் லேட்டு."

"திரும்பியா? ஏன்?"

சொன்னேன். ஆஸ்பத்திரி மூலை, வேண்டுதல், எல்லாம் நாலு வாக்கியத்தில் முடிந்துவிட்டது. இத்தனை மாதம் வாய்க்குள் இருந்தது அவ்வளவுதான்.

அவள் குழந்தையின் குல்லாவைக் காது வரை இழுத்துவிட்டாள். "எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா விட்டிருப்பியா?"

"மாட்டேன்." குழந்தையின் முதுகைத் தடவிக்கொடுத்தாள். "உங்க மாதா இவளக் காப்பாத்தல அத்தை. டாக்டருங்க பாத்தாங்க, ஆண்டவர் காப்பாத்தினாரு. நான் அப்டித்தான் நம்பறேன்."

"சரிம்மா. நீ அப்டி நம்பு. நான் வாய் விட்டுக் கேட்டுட்டேனே."

"நான் வர மாட்டேன்."

"வேணாம். குட்டிக்குக் குளிரும்."

இரண்டு பக்கமும் பார்த்து ரோட்டைத் தாண்டினேன். மணலில் ஒருவரும் இல்லை. வேளாங்கண்ணியில் போய்ச் சேரும்போது ஆயிரம் பேர் ஒன்றாக மாதாவின் பெயரைச் சொல்லிக் கூவுவார்கள். யார் குரல் யாருடையது என்று தெரியாது. இங்கே சூரியன் கடலுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. எங்கள் கடலில் அது எழும்பும், விழாது. ஷூவைக் கழற்றி நனைந்த மணலில் நின்றேன். அலை வந்து கணுக்காலை எலும்போடு பிடித்தது. அப்படி ஒரு குளிர். "வந்துட்டேன் தாயே" என்றேன். அலைச் சத்தத்தில் என் காதுக்கே அது விழவில்லை. சொன்னேனா, நினைத்தேனா என்று சந்தேகமாகி இன்னொரு முறை சத்தமாகச் சொன்னேன். என் வாழ்நாளில் அவ்வளவு சத்தமாக நான் எதுவும் சொன்னதில்லை.

திரும்பி வந்தபோது காருக்குள் ஹீட்டர் ஓடிக்கொண்டிருந்தது. குழந்தை பின்னால் தூங்கியது. மருமகள் என் காலையும் பார்க்கவில்லை, முகத்தையும் பார்க்கவில்லை. வண்டி மலை ஏறியது. எத்தனையோ சனிக்கிழமை நடந்த வழியெல்லாம் ஜன்னலுக்கு வெளியே மளமளவென்று பின்னால் போய்க்கொண்டிருந்தது.

ஒரு வளைவில் அவள் வேகத்தைக் குறைத்தாள்.

"எதுலேர்ந்து எதுவரைக்கும் திரும்பி ஏறினீங்க அத்தை? காட்டுங்க."

கையை நீட்டினேன். பனிமூட்டத்தில் மேடே தெரியவில்லை. ஆனாலும் அவள் என் விரல் காட்டிய பக்கம், பின்னால் ஒரு கார் வந்து ஹாரன் அடிக்கும் வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.