செல்லம்மையை வண்டியில் ஏற்றிய நாள்

அப்போது நான் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் நர்ஸ். வாரம் ஒருநாள் மருந்துப்பெட்டியோடு சுசீந்திரம் போய், தெருவோரம் கிடப்பவர்களுக்குப் புண் கழுவிக் கட்டுவேன். தெப்பக்குளக் கரையில் கிடந்த செல்லம்மைக்குக் காலில் புழுவே வைத்திருந்தது. ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டேன்.

"நான் வரல்ல அம்மா. எம்மவ தேயிலைத் தோட்டத்துக்கு வேலைக்குப் போயிருக்கா. இங்கயே இரி, வந்து கூட்டிட்டுப் போறேன்னு சொன்னா. வரும்போ நான் இருக்கண்டாமா?"

"காலு போனா உயிரும் போவும். பேசாம ஏறு."

அவள் அழ அழ மாட்டுவண்டியில் ஏற்றினேன். எங்கே கொண்டுபோகிறேன் என்று அக்கம்பக்கத்தில் யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

இரண்டு மாதத்தில் புண் ஆறியது. அதுவரை ஆஸ்பத்திரி வேலையில் நான் சுசீந்திரம் பக்கமே போகவில்லை. பெருமையோடு நானே அவளைத் திரும்பக் கூட்டிவந்தேன். கரையில் பூ விற்பவள் பதறி எழுந்தாள்.

"ஏட்டி, நீ சாவலியா? உம்மவ வந்து ரெண்டு நாளு தேடினாளே! வண்டியில கொண்டுபோனாவ, செத்துப் போயாச்சுன்னுல்லா சொல்லி அனுப்பினேன்."

எந்தத் தோட்டம் என்று செல்லம்மைக்குத் தெரியாது. தெரிந்த தோட்டங்களுக்கெல்லாம் கடிதம் போட்டேன். மகள் கிடைக்கவில்லை. செல்லம்மை என்னை ஒரு சொல் திட்டவில்லை. பழைய இடத்திலேயே போய் உட்கார்ந்துகொண்டாள்.

இப்போதெல்லாம் யாரை வண்டியில் ஏற்றுவதானாலும், "உன்னைத் தேடி யாராவது வருவார்களா?" என்று முதலில் கேட்கிறேன். செல்லம்மையிடம் அதைக் கேட்க வேண்டிய தேவையே இருக்கவில்லை. அவளாகவே சொல்லியிருந்தாள்.